வெள்ளையடித்த தெருவும் ஒரு வாதக் கட்டுரையும்

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சுண்ணாம்பு வாசனை அடித்தது.

கல்லூரி முடிந்து வந்த ஒரு மாலை. பர்கூரிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரில் பால் சொசைட்டி முன்னால் நிற்கும். அங்கிருந்து எங்கள் தெரு கூப்பிடு தூரம்தான். முனை திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். தெரு முழுக்க வெள்ளை வெளேரென்று இருந்தது. பொங்கல் கிட்டத்தில் இல்லை. மாரியம்மன் பண்டிகையும் இல்லை. யார் வீட்டிலும் கல்யாணம் இல்லை.

எதிர்வீட்டு லட்சுமி அத்தை ஸ்டூல் மேல் ஏறி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை சுண்ணாம்போடு கடைசிக் கை பூசிக்கொண்டிருந்தார். சொந்த அத்தை இல்லை. அப்பாவை "அண்ணா" என்று கூப்பிடுவார், அதனால் எனக்கு அத்தை.

"அத்தே, இன்னா பண்றீங்க?"

"கண்ணு தெரியல? நாளைக்கு ஆபீசருங்க வராங்க இல்ல. செவுரு வாயப் பொளந்துகினு கெடந்தா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பாங்க?"

"வெடிப்பெல்லாம் எங்க அத்தே?"

"சிமெண்ட் வெச்சு அடைச்சுட்டோம். ஒங்கம்மாதான் மூட்டையப் பிரிச்சு எல்லாருக்கும் குடுத்தா. மவராசி."

அந்த வெடிப்புகளைப் பார்க்கத்தான் ஆபீசர்கள் வருகிறார்கள். கல்குவாரியில் வைக்கிற வெடியால் எங்கள் வீடுகள் வெடிக்கின்றன என்று மனு கொடுத்து, அலைந்து, கெஞ்சி, கடைசியில் ஆய்வுக்கு நாள் வாங்கியிருந்தோம். அந்த மனுவை எழுதியவள் நான். "ஐயோ, போச்சு!" என்று நடுத்தெருவில் கத்தினேன். அத்தை ஸ்டூலில் இருந்தபடியே என்னைத் தெலுங்கில் திட்டினார். அவர் நிஜமாகக் கோபப்பட்டால் தெலுங்குதான்.

வீட்டுக்குள் ஓடினேன். எங்கள் வீட்டு ஜன்னல் மூலையில் இருந்த கோடும் காணாமல் போயிருந்தது. அம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விருந்தாளி வர வூட்டை அப்பிடியேவா வுடுவாங்க? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?" என்றாள்.

எங்கள் வீட்டுச் சொத்து

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்த ஒரு வாசகர், "இதெல்லாம் உண்மையிலேயே நடந்ததா?" என்று கேட்டு எழுதியிருந்தார். கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு, இரண்டு மாடு. அதற்கு மேல் சொத்து என்றால் சந்தேகம்தான். அப்பா முனிரத்தினம் பால் சொசைட்டியில் அளக்கிறவரின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். மாம்பழ மண்டியில் தராசைச் சுற்றி ஒரு வலம் வருவார், கோயில் பிரகாரம் மாதிரி. அம்மா கடையில் வாங்கிய மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். எனக்குப் பரீட்சையில் நல்ல மார்க் வந்தால் அப்பா முதலில் கேட்பது, "மத்தவங்களுக்கு எவ்ளோ?" என்பதுதான். எல்லோருக்கும் அள்ளிப் போட்டுவிட்டார்களோ என்று பார்ப்பார்.

இப்படி வளர்ந்தவளுக்கு ஜெபா மிஸ் வகுப்பு இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை.

சிவப்பு மை

கிருஷ்ணகிரி போகிற வழியில் ஒரு கலைக் கல்லூரி. நான் பி.ஏ. ஆங்கிலம். ஜெபா மிஸ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்களைவிட எட்டுப் பத்து வயதுதான் கூட இருக்கும். எழுத்துப் பயிற்சிப் பாடம் நடத்துவது அவர்தான். வாதக் கட்டுரை ஒன்று எழுதச் சொன்னார். ஒரு கருத்தை எடுத்து, சான்று காட்டி, எதிராளி சொல்லக்கூடியதையும் நாமே சொல்லி அதற்குப் பதிலும் கொடுத்து, படிக்கிறவரை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

மற்றவர்கள் செல்போன் நல்லதா கெட்டதா என்று எழுதினார்கள். நான் குவாரியை எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி: 'எங்கள் ஊரில் எல்லா வீடுகளும் வெடித்துவிட்டன. குவாரி வந்த பிறகுதான் இந்த நிலை.' எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. இதற்கு மார்க் போடாமல் யாருக்குப் போடுவார் என்று இருந்தேன்.

தாள் திரும்பி வந்தபோது சிவப்பாக இருந்தது. 'எல்லா' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். 'பிறகுதான்' என்ற சொல்லைச் சுற்றி இன்னொன்று. ஓரமெல்லாம் ஒரே கேள்வி: எப்படித் தெரியும்?

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதை தெரியும்லா?" என்றார் மிஸ். "குவாரி வந்துச்சு, வீடு வெடிச்சுச்சு. சரி. காக்கா உக்காந்ததுனாலதான் பழம் விழுந்துச்சுன்னு எப்படிச் சொல்லுத?"

"மிஸ், வெடி வெச்சா தட்டு அலமாரியில இருந்து வுழுது மிஸ்."

"தட்டு விழுததுக்கு அது சான்று. செவுருக்கு? எல்லா வீடும்னு எழுதிருக்க. உங்க வீட்டுல எங்க இருக்கு?"

"ஜன்னல் மூலையில ஒரு கோடு இருக்கு."

"எப்ப வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து இருந்ததோ என்னவோ.

"படம் வேற வச்சிருக்க. வெள்ளைச் செவுரு, கறுப்புக் கோடு. இது உங்க ஊருன்னு யாரு சொன்னா? எங்க ஊர் ரேஷன் கடைச் செவுருன்னும் சொல்லலாம்லா?"

வகுப்பே சிரித்தது. அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. இந்த அம்மாள் எதற்குக் குவாரிக்காரன் கட்சி பேசுகிறார்? விசாரித்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் வியாபாரியின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார் என்று தெரிந்தது. ஆஹா, அப்படிப் போடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். நெருப்பில்லாமல் புகையுமா?

பிறகு வீடு தேடி அலைந்த தோழி ஒருத்திதான் சொன்னாள், அந்தப் பக்கம் மாடி கட்டி வாடகைக்கு விடுகிறவர்களில் பாதிப் பேர் கிரானைட்காரர்கள்தான் என்று. என் நெருப்பு அதோடு அணைந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனாலும் அந்தக் கட்டுரையைத்தான் தமிழில் மாற்றி மனுவாக எழுதினேன். வட்டம் போட்ட சொற்களைத் திருத்தாமலே எழுதினேன். ஊர்க்காரர்களுக்கு அது பிடித்திருந்தது. முதல் கையெழுத்து அப்பாவுடையது. வீடு வீடாகப் போய் மற்றவர்களிடம் வாங்கியதும் அவர்தான்.

ஆபீசர் எடுத்த படங்கள்

வெள்ளையடித்த தெருவுக்கு வருகிறேன்.

மறுநாள் ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே குவாரி மேனேஜர், மொடமொடவென்று வெள்ளைச் சட்டையில். தெருவே நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றது. லட்சுமி அத்தை மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆபீசர் ஒவ்வொரு வீடாகப் பார்த்தார். வீட்டுக்காரரைச் சுவர் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தார். அத்தை தலையை ஒதுக்கிக்கொண்டு, பூசின சுவர் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"வெடிப்பு எங்கம்மா?" என்றார் ஆபீசர்.

"இங்கதான் சார் இருந்துச்சு. நீங்க வரீங்கன்னு அடைச்சுட்டோம்."

மேனேஜர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. என் போனில் இருந்த பழைய படங்களைக் காட்டினேன். ஆபீசர் பொறுமையாகப் பார்த்தார். "இது எந்த வீடும்மா? செவுரு மட்டும்தான் தெரியுது" என்றார். கிட்டத்தில் வைத்து எடுத்த படங்கள். கதவு இல்லை, ஜன்னல் இல்லை, ஆள் இல்லை. ஜெபா மிஸ் கேட்டதையே அவரும் கேட்டார்.

சில வாரம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. ஆய்வு செய்யப்பட்ட வீடுகளில் வெடிப்பு ஏதும் காணப்படவில்லை, சுவர்கள் நல்ல நிலையில் உள்ளன. ஆதாரமாகப் படங்களையும் இணைத்திருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பளபளவென்று அதில் நின்றார்கள்.

அதுவரை குவாரியில் வெடிச் சத்தம் இல்லை. ஆய்வு சமயத்தில் நிறுத்தியவர்கள், பதில் வருகிறவரை அடக்கி வாசித்தார்கள். பதில் வந்த வாரமே சங்கு ஊத ஆரம்பித்தது. வெடிக்கு முன்னால் எச்சரிக்கைக்கு ஊதுகிற சங்கு. அதன் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் பிள்ளைகள் தட்டைக் கையில் பிடித்துக்கொள்ளும்.

நாலைந்து முறை வெடி வைத்தார்கள். லட்சுமி அத்தை வீட்டுச் சுவரில் பூசின சிமெண்ட் வாயைப் பிளந்தது. அடுத்த வீட்டில் பிளந்தது. அதற்கடுத்த வீட்டிலும்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திடீரென்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

"அத்தே, அழாதீங்க. இந்தச் செவுத்துல வெடிப்பு இல்லன்னு சொன்னது யாரு? நாமளா? ஆபீசரு! கையெழுத்துப் போட்டு, படம் வெச்சுச் சொல்லியிருக்காரு. பழைய வெடிப்புன்னு இனிமே எவனாச்சும் சொல்ல முடியுமா?"

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடி என் ராசாத்தி!" என்றார்.

அன்றைக்கே வெடித்த வீடுகளிலெல்லாம் படம் எடுத்தேன். இந்த முறை கதவு தெரிய, ஜன்னல் தெரிய, ஆபீசர் நிற்க வைத்த அதே இடத்தில் அதே ஆளை நிற்க வைத்து எடுத்தேன். அத்தை அதே புடவையைத் தேடிப்பிடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

ஒரு பானைச் சோறு

புதுக் கட்டுரையை எடுத்துக்கொண்டு ஜெபா மிஸ்ஸிடம் போனேன். இந்த முறை 'எல்லா' கிடையாது. அவர் நிதானமாகப் படித்தார். நிமிர்ந்து, "நல்லா இருக்கு" என்றார். அப்புறம், "ஆனா சிமெண்ட் காஞ்சாலே வெடிக்கும்லா? பழைய செவுத்துல புதுசா அப்புனா பிடிக்காது. குவாரிக்காரன் அதத்தான் சொல்லுவான். என்ன பதில் வச்சிருக்க?" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், எங்கள் ஜன்னல் மூலையைப் பார்த்தேன். அம்மா பூசின சிமெண்ட் பூசினபடி இருந்தது. ஒரு மயிரிழைகூட விடவில்லை. அங்கே இருந்த பழைய கோடு குவாரிக்கு முந்தினதாகத்தான் இருக்க வேண்டும்.

அதே மூட்டைச் சிமெண்ட். அதே நாள் பூசியது. காய்ந்ததால் வெடிக்கிறது என்றால் இதுவும் வெடித்திருக்க வேண்டும். எங்கள் வீடு மட்டும் பாறை மேல் இருக்கிறது. கடைக்கால் தோண்டும்போது பாறை வந்து அப்பா அவதிப்பட்டதை அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். தெருவில் மற்ற வீடுகள் ஏரி மண்ணைக் கொட்டி மேடாக்கிய இடத்தில் கட்டியவை. கொட்டின மண் அதிர்ச்சிக்கு அதிகம் ஆடும், கெட்டிப் பாறை அவ்வளவு ஆடாது என்று நூலகத்தில் தேடிப் படித்தேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் வீடு வேறு பானை. அதனால்தான் அது சான்று. எங்கள் சுவர் வெடிக்காமல் இருப்பதை மனுவில் எழுதினால் குவாரிக்காரன் வாயை அடைத்துவிடலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் சொல்லலாம் என்று ஓடினேன்.

அதற்குள் தெரு வேறொரு கட்டுரையை எழுதி முடித்திருந்தது.

தெரு எழுதிய கட்டுரை

முனிரத்தினம் வீட்டுச் சுவர் மட்டும் வெடிக்கவில்லை. வெடிப்பை மூடச் சிமெண்ட் கொடுத்தது முனிரத்தினம் வீடு. அதுவும் ஆபீசர் வருகிறதுக்கு முந்தின நாள். பர்கூர் ஹைவே டீக்கடையில் முனிரத்தினமும் குவாரி மேனேஜரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே, முனிரத்தினம் விலை போய்விட்டார்.

சான்றுக்கு மேல் சான்றாக அடுக்கி, கடைசியில் ஒரு முடிவு. ஆளாளுக்கு ஒரு சொல் சேர்த்து எழுதியதில் எங்கும் ஓட்டை தெரியவில்லை. என் கட்டுரையைவிட நன்றாக இருந்தது.

லட்சுமி அத்தை எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டார். நான் எதிரே போனால் மாட்டோடு பேசினார். பால் சொசைட்டியில் அப்பா போய் நின்றால் பேச்சு நின்றது. கையெழுத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கு இப்போது ஒரு வீட்டிலும் உட்காரச் சொல்ல ஆளில்லை. ஊருக்காக முன்னால் நின்ற மனுஷனை ஊரே காட்டிக்கொடுத்தவன் என்றது.

சிமெண்டைக் கொடுத்தது அம்மா, விருந்தாளிக்காகக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும். சுவர் ஏன் வெடிக்கவில்லை என்றும் தெரியும். டீக்கடை தெரியாது. அதுதான் என்னைப் போட்டு அரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

"அப்பா, மேனேஜர்கூட எதுக்கு டீ குடிச்சீங்க?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்லவில்லை. தட்டில் சோறு பாதி இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

கேட்டது தப்பா? எனக்கு இன்றைக்கும் அப்படித் தோன்றவில்லை. பால்காரரைக் கேட்கலாம், மண்டிக்காரரைக் கேட்கலாம், பெற்ற அப்பாவைக் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டம்? அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரே ஒரு அடி

மறுநாள் காலை. நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். முன்னறையில் 'டங்'கென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், அப்பா ஒரு கையில் உளி, ஒரு கையில் சுத்தியலோடு ஜன்னல் மூலையில் நிற்கிறார். சுவரில் ஒரு குழி விழுந்திருந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை அம்மா இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"யோவ், இது என் நகைய வித்துக் கட்டுன செவுரு. இன்னொரு அடி உழுந்துது, அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

"வுடு. எல்லார் வூட்லயும் வெடிச்சிருக்குது. நம்ம வூட்லயும் வெடிக்கட்டும்."

"அப்பா, வேணாம்ப்பா. நம்ம செவுரு நல்லா இருக்கறதாலதான் மத்த செவுரு சொல்றத நம்புவாங்க. அதான்ப்பா சான்று" என்றேன்.

"அது ஒன் காலேஜுக்கு. இந்த ஊருக்கு?"

அப்பா உளியைக் கீழே போட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை அந்த நிலையில் நான் பார்த்ததே கிடையாது.

அவர் மட்டும் அன்றைக்கு அடித்து முடித்திருந்தால் என் கட்டுரை, மனு, எல்லாம் தவிடுபொடி. ஆனால் அவருக்குத் தெருவில் முகம் கிடைத்திருக்கும். இரண்டும் எனக்குத் தெரிந்தது. அப்படியும் இரண்டாவது மனுவில் எழுதினேன்: மனுவில் முதல் கையெழுத்திட்ட முனிரத்தினம் என்பவரின் வீட்டில் வெடிப்பு இல்லை. காரணத்தையும் எழுதினேன். எழுதி அப்பா முன்னால் வைத்தேன். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நின்றார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறையும் முதல் கையெழுத்து அவருடையதுதான். தெருவில் மற்றவர்களிடம் நான் வாங்கப் போனேன். போட்டவர்கள் எல்லோரும் அந்த வரியை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் போட்டார்கள்.

துடைப்பக் குச்சி

அதே ஆபீசர் மறுபடி வந்தார். கையில் அவர் எடுத்த பழைய படங்கள். அத்தை வீட்டு வாசலில் நின்று படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை மோர் யாரும் கொடுக்கவில்லை.

மேனேஜர்தான் பேசினார். "சார், இதெல்லாம் உளி வேலை. அவங்களே கொத்திட்டு எங்க மேல பழி போடறாங்க. இதுக்குத் தலைவர் இந்த முனிரத்தினம். அவர் வூட்ல வெடிப்பே இல்லைன்னு வேற எழுதியிருக்காங்க. அதையும் போய்ப் பாக்கலாம் சார்."

தெருவே எங்கள் வீட்டு முன்னால் கூடிவிட்டது. மேனேஜர் நேராக ஜன்னல் மூலைக்குப் போனார். குழியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பாருங்க சார். உளி. நான் சொன்னனா இல்லையா?"

அந்தக் குழியை நான் மனுவில் எழுதியிருக்கவில்லை. ஒரு பொய் போதும், மற்றதெல்லாம் கூடவே போய்விடும். என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா முன்னால் வந்தார்.

"ஆமாங்க சார். உளி வெச்சு அடிச்சது நான்தான்" என்றார். "எல்லார் வூடும் வெடிச்சுது, என் வூடு வெடிக்கல. துட்டு வாங்கிட்டான்னு தெரு பேசுச்சு. என் பொண்ணே என்னக் கேட்டுச்சு. தாங்கல சார். ஒரு அடி அடிச்சேன். வூட்டுக்காரி கையப் புடிச்சுட்டா."

அப்பா மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"டீ குடிச்சதும் நெசம்தான். இவுரு கூப்புட்டாரு. மனுவ வாபஸ் வாங்கு, ஒன் பொண்ணுக்கு ஓசூர் கம்பெனில வேலை வாங்கித் தரேன்னாரு. வேணாம்னுட்டு, என் டீக்கு நான் காசு குடுத்துட்டு எந்திரிச்சு வந்தேன். இல்லன்னு சொல்லச் சொல்லுங்க சார் பாக்கலாம்."

மேனேஜர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அது அடிக்கவே இல்லை.

ஆபீசர் அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அத்தை வீட்டுக்குத் திரும்பி நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம். வெடிப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு துடைப்பக் குச்சி கொடும்மா" என்றார். அத்தையை உள்ளே போய் நிற்கச் சொன்னார். வெளியிலிருந்து குச்சியை வெடிப்பில் நுழைத்தார். உள்ளேயிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"சார், வந்துருச்சு! இழுக்கவா?"

"இழும்மா."

குச்சி முழுசாக உள்ளே போனது. ஆபீசர் மேனேஜரைப் பார்த்து, "உளி அடிச்சா எப்படி இருக்கும்னு அங்க பாத்தோம். மேல் பூச்சு பேந்து குழி விழும். இது செவுரே ரெண்டா பொளந்திருக்கு" என்றார். குனிந்து எழுத ஆரம்பித்தார்.

பிறகு நடந்தது பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. அதிர்வை அளக்கிற கருவி வைத்தார்கள், வெடியின் அளவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குவாரி இன்றைக்கும் ஓடுகிறது. சத்தம் குறைந்திருக்கிறது, தட்டு விழுவதில்லை. அத்தை மறுநாள் காலை குடத்தோடு எங்கள் குழாயடிக்கு வந்தார். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, நான் பேசனது தப்பு" என்றார் அத்தை. அப்பா, "குடம் நெறைஞ்சு வழியுது பாரும்மா" என்றார்.

நான் கேட்ட கேள்வியைப் பற்றி என்னிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வீட்டில் எல்லாம் பழையபடிதான் நடந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் ஏதோ ஒன்று குறுக்கே கிடந்தது. அது எனக்கு வலித்தது.

கம்பெனி கேட்

படிப்பு முடிந்து ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. பழுதான பாகம் ஏன் பழுதானது என்று இன்ஜினியர்களைத் துருவிக் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம். செய்தியைச் சொன்னதும் அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடி ஓடினாள். அப்பா அசையவில்லை.

"எப்பிடிக் கெடச்சுது?" என்றார்.

"இன்டர்வியூல."

"யாரு சொன்னா இந்த கம்பெனிய? யாராச்சும் சிபாரிசா? அந்த மேனேஜர் ஆளுங்க எவனாச்சும்…"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ராத்திரி பகலாகப் படித்து, பரீட்சை எழுதி, நேர்முகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து நானாக வாங்கிய வேலை. பெற்ற அப்பாவே இப்படிக் கேட்கிறார். பாதிச் சோற்றில் எழுந்து போன மனுஷனுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். கல்லூரிக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள், எல்லாம். அவரும் குறுக்கே பேசாமல் கேட்டார். நம்பினாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வேலையில் சேருகிற அன்று, கூட வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஓசூர் போய்ச் சேர்ந்தோம். கம்பெனி கேட்டில் என்னை நிறுத்திவிட்டு வாட்ச்மேனிடம் போனார். எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த பையன்களை மடக்கிக் கேட்டார். முதலாளி யார், எந்த ஊர், வேறு என்ன தொழில், பர்கூர்ப் பக்கம் குவாரி கிவாரி உண்டா? நான் சாப்பாட்டுப் பையோடு வெயிலில் நின்றேன். உள்ளே போகிறவர்கள் எல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மானம் போனது. ஆனாலும் அவரைக் கூப்பிடவில்லை. கேட்டு முடிக்கட்டும் என்று நின்றேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். என் பையை வாங்கி, வாரைச் சரிசெய்து, என் தோளில் அவரே மாட்டிவிட்டார்.

"அன்னைக்கு நீ கேட்டப்பவே நான் பதில் சொல்லியிருக்கணும்மா" என்றார். "நான் விசாரிச்சுட்டேன். உள்ள போ."